மூச்சுத் திணறிய கண்ணாடி வீடு

1991 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் நான்கு பெண்களும் நான்கு ஆண்களும் ஒரு பெரிய கண்ணாடிக் கூடத்துக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு உள்ளேயே இருப்பதாக ஏற்பாடு. மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகமான அந்த இடத்துக்குள் மழைக்காடு, பவளத்திட்டோடு ஒரு குட்டிக் கடல், சதுப்புநிலம், வயல், ஆடு, கோழி எல்லாம் இருந்தன. வெளியிலிருந்து வெயிலும் மின்சாரமும் வரும். மூச்சுக் காற்று, தண்ணீர், சாப்பாடு மூன்றும் உள்ளேயே கிடைத்தாக வேண்டும். பூமியை முதல் உயிர்க்கோளமாக வைத்து, இதற்கு ‘பயோஸ்பியர் 2’ என்று பெயரிட்டார்கள். வேறு கோளில் மனிதர் குடியிருக்க முடியுமா என்பதற்கு இதைவிடப் பெரிய ஒத்திகை எனக்குத் தெரிந்து நடக்கவில்லை.

உள்ளே இருந்த ஜேன் பாயின்டர், ஒரு பீட்சா செய்ய நான்கு மாதம் ஆனது என்று பின்னாளில் சொன்னார். கோதுமையை விதைத்து, அறுத்து, அரைக்க வேண்டும். ஆட்டுப் பாலைக் கறந்து சீஸ் செய்ய வேண்டும். எட்டுப் பேரும் மெலிந்தார்கள், பசியோடு படுத்தார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டார்கள். தாங்க முடியாமல் போனது காற்று. 20.9 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் பதினாறு மாதத்தில் 14 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. நாலாயிரம் மீட்டர் உயர மலையில் வயல் வேலை செய்வதுபோல் இருந்தது அவர்களுக்கு. தூக்கத்தில் மூச்சு நின்று, திணறி எழுந்தார்கள். 1993 ஜனவரியில் வெளியே இருந்தவர்கள் ஆக்சிஜனை உள்ளே செலுத்தினார்கள்.

அந்த ஆக்சிஜன் எங்கே போனது? விளைச்சல் நன்றாக வரட்டும் என்று மண்ணில் மக்கிய பொருள்களை நிறையச் சேர்த்திருந்தார்கள். மண்ணின் நுண்ணுயிர்கள் அதைத் தின்று, ஆக்சிஜனை இழுத்து, கார்பன் டை ஆக்சைடை விட்டன. செடிகள் அதை வாங்கி ஆக்சிஜனைத் திருப்பித் தரும் என்பது கணக்கு. ஆனால் அந்தக் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கைக் கட்டடத்தின் கான்கிரீட் குடித்துவிட்டது. சுவரில் அடித்த சுண்ணாம்பு காற்றுப் பட்டு இறுகுகிறதே, அதே வேதிவினை. தேர்ந்த விஞ்ஞானிகள் பல ஆண்டு திட்டமிட்ட வீட்டில் கான்கிரீட் மூச்சுவிடும் என்பது யாருடைய கணக்கிலும் இல்லை. போதாததற்கு, மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் செத்துப்போயின, எறும்பும் கரப்பானும் பெருகின.

செவ்வாயில் குடியேறும் பேச்செல்லாம் ராக்கெட்டைப் பற்றியே இருக்கிறது. பத்து லட்சம் பேர் வாழும், பூமியை எதிர்பார்க்காத ஒரு நகரத்தை அங்கே அமைப்போம் என்று ஈலான் மஸ்க் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். ராக்கெட் கிடைத்துவிடும் என்றே நானும் நம்புகிறேன். இறங்கிய பிறகு? செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கிற கொஞ்சத்திலும் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. குளிர் சராசரியாக மைனஸ் 60 டிகிரி. மண்ணில் பெர்குளோரேட் உப்பு கலந்திருப்பதை 2008இல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டது. உடம்பில் சேர்ந்தால் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் போகவிடாமல் தடுக்கும் உப்பு அது. மண்ணைக் கழுவாமல் அங்கே ஒரு கீரைப் பாத்திகூடப் போட முடியாது.

பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் போன ‘மாக்ஸி’ என்ற கருவி, 2021 ஏப்ரலில் செவ்வாய்க் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 2023 வரை பதினாறு முறை இயங்கி அது எடுத்தது மொத்தம் 122 கிராம். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கே 800 கிராம் அளவுக்கு வேண்டும். கருவியைப் பெரிதாகச் செய்யலாம், சந்தேகமில்லை. அதில் ஒரு பாகம் உடைந்தால்? பூமியிலிருந்து செவ்வாய்க்குக் கிளம்பத் தோதான காலம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. அப்புறம் ஆறேழு மாதப் பயணம்.

பூமிக்கு ஏதாவது ஆனால் மனித இனம் பிழைக்க இன்னொரு வீடு வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டீபன் ஹாக்கிங்கும் கேட்டார். எளிதில் தள்ளக்கூடிய கேள்வி இல்லை இது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யூகட்டான் பகுதியில் விழுந்த விண்கல்லால் டைனோசர் கூட்டம் அழிந்தது. ஆனால் அதற்குப் பிறகும் பூமியில் மூச்சுவிடக் காற்று இருந்தது, கடலில் தண்ணீர் இருந்தது. எலி அளவுப் பாலூட்டிகள் பிழைத்தன, அந்த வழியில்தான் நாம் வந்தோம். செவ்வாய்த் தரையில் அப்படி ஓர் எலி சில நிமிடம்கூட உயிரோடு இருக்காது. விண்கல்தான் பயம் என்றால் அதற்கு வழி தெரிய ஆரம்பித்திருக்கிறது: 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் மோதி, அதன் சுற்றுக்காலத்தை அரை மணி நேரத்துக்கு மேல் குறைத்தது.

என்னை அதிகம் உறுத்துவது பிள்ளைகள். எடையின்மையில் விண்வெளி வீரர்களுக்கு மாதம் ஒரு சதவீதம் அளவுக்கு எலும்பு கரைகிறது. செவ்வாயின் ஈர்ப்பு பூமியினுடையதில் 38 சதவீதம். அதில் ஒரு மனிதக் கரு எப்படி வளரும் என்று சோதித்தவர் யாருமில்லை. போகிற பெரியவர்கள் தெரிந்தே போகிறார்கள். அங்கே பிறக்கும் பிள்ளை யாரைக் கேட்டுப் பிறக்கும்? இருபது வயதில் அதற்குப் பூமியைப் பார்க்க ஆசை வந்தால், இந்த ஈர்ப்பை அந்த உடம்பு தாங்குமா? இன்னொன்றும் இருக்கிறது. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் செவ்வாயைச் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் காற்றை உண்டாக்கும் இயந்திரம் யாரோ ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும். வேலை பிடிக்கவில்லை என்று வாசலைத் தாண்டி நடக்க முடியாத ஊரில், அந்த முதலாளியிடம் கூலி கேட்டு எப்படி வேலைநிறுத்தம் செய்வது?

ஆய்வாளர்கள் போகட்டும். வறண்ட ஆற்றுப் படுகைகளில் ஒரு காலத்தில் உயிர் இருந்ததா என்று தோண்டிப் பார்த்துத் திரும்பி வரட்டும். குடும்பத்தோடு குடியேறுவது வேறு காரியம். அதற்கு முன் அரிசோனா ஒத்திகை, தவறினால் கதவைத் திறந்துவிடக்கூடிய இந்தப் பூமியில், பல தடவை நடந்து தேற வேண்டும். அந்த வீட்டைக் கட்ட ஆன செலவு சுமார் 15 கோடி டாலர். 1994 மார்ச்சில் இரண்டாவது குழு உள்ளே போனது, நிர்வாகத் தகராறில் ஆறே மாதத்தில் வெளியே வந்துவிட்டது. இப்போது கட்டடம் அரிசோனா பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. உள்ளே உள்ள மழைக்காட்டில் வறட்சி ஆய்வு நடந்திருக்கிறது. அந்த இரண்டாவது குழுவுக்குப் பின், முப்பது ஆண்டு கடந்தும், அந்தக் கதவை அடைத்துக்கொண்டு யாரும் உள்ளே குடியிருந்து பார்க்கவில்லை.