கரு தங்காததற்குக் கோதுமை காரணமாகுமா?

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஓடியும் குழந்தை இல்லையென்றால், அரக்கோணம் பக்கத்தில் திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொள்வார்கள். வேலூருக்கோ சென்னைக்கோ ரயிலேறி டாக்டரையும் பார்ப்பார்கள். எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகும் சிலரிடம், “ரெண்டு பேருக்கும் குறை ஒண்ணும் தெரியலை” என்று சொல்லிவிடுவார்கள். இப்படிக் காரணம் தெரியாமல் தவிப்பவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குக் கோளாறு குடலில் இருக்கலாம். அதற்குப் பெயர் சீலியாக் நோய்.

சீலியாக் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் விரிவது இதனால்தான். பெரும்பாலானவர்களுக்கு இது எந்தக் கெடுதலும் செய்யாது. சீலியாக் உள்ளவர்களுக்கோ, குளூட்டன் உள்ளே போனால் நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்தை உள்வாங்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகும். இரும்பு, ஃபோலிக் அமிலம், துத்தநாகம், வைட்டமின் டி எதுவும் சரியாக உடம்பில் சேராது.

வயிற்றுப்போக்கு, உப்புசம், எடைக்குறைவு ஆகியவை தெரிந்த அறிகுறிகள். பலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இருக்காது. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஏறாத ரத்தசோகை ஒன்றே வெளியே தெரியும்.

கருத்தரிப்பதை எப்படிப் பாதிக்கிறது?

சத்துக் குறைவு முதல் காரணமாகக் கருதப்படுகிறது. நோயால் உண்டாகும் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி செல்களில் ஒட்டி அவற்றின் வேலையைத் தடுப்பதும் ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. முழு வழியும் இன்னும் தெளிவாகவில்லை.

தொடர்பு எவ்வளவு வலுவானது என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள பெண்களிடம் சீலியாக் கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பிரிட்டனில் 20 லட்சத்துக்கும் அதிகமான பெண்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2014-ல் வெளியான ஆய்விலோ, மொத்தத்தில் அப்படிப் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. டென்மார்க்கில் 2018-ல் வெளியான ஆய்வு இந்த முரணைப் புரிந்துகொள்ள உதவுகிறது. நோய் இருப்பது தெரியாமல் இருந்த காலத்தில் அந்தப் பெண்களுக்குக் கருச்சிதைவு கூடுதலாக இருந்தது. கண்டறிந்த பிறகு மற்ற பெண்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே, கண்டுபிடிக்காமல் விட்ட சீலியாக்கைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்.

நம் பக்கத்தில் எவ்வளவு?

இதற்கு நம் பகுதியிலிருந்தே பதில் இருக்கிறது. டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணா தலைமையில் ஹரியாணா, அசாம், வேலூர் பகுதிகளில் 23,331 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. அப்போது அரக்கோணமும் வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 2019-ல்தான் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேரிடம் இருந்தது, தெற்கே 0.10 சதவீதம் பேரிடம் மட்டுமே. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வடக்கே 38.1, தெற்கே 36.4 சதவீதம் என ஏறக்குறைய சமம். சாப்பாட்டில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: ஒரு நாளைக்கு வடக்கே சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம்.

அதனால் சோறு சாப்பிட்டு வளர்ந்த நம்மிடையே இது அபூர்வம். ஆனால் ஐ.என்.எஸ். ராஜாளியும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியனும் உள்ள அரக்கோணத்தில் வடநாட்டுக் குடும்பங்களும் வாழ்கின்றன. நம் வீடுகளிலும் சர்க்கரை நோய் வந்ததும் ராத்திரிச் சோறு சப்பாத்தியாகிவிடுகிறது. இங்குள்ள டாக்டர்கள் இந்த நோயை மறந்துவிட முடியாது.

யார் பரிசோதிக்க வேண்டும்?

காரணம் தெரியாத குழந்தையின்மையோ தொடர் கருச்சிதைவோ இருந்து, கூடவே மாத்திரைக்கு அடங்காத ரத்தசோகை, நாள்பட்ட வயிற்றுக் கோளாறு, முதல் வகைச் சர்க்கரை நோய், தைராய்டு நோய், குடும்பத்தில் சீலியாக் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். முதலில் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை; அதோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவும் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலில் சதைத் துணுக்கு எடுத்து உறுதிசெய்வார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தாலும் இல்லை என்று முடிவு வரலாம்.

உறுதியானால் என்ன சாப்பிடுவது?

இதற்கு மருந்து, வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத உணவுதான். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, பருப்பு வகைகள் எல்லாம் சாப்பிடலாம். இட்லிக்கும் தோசைக்கும் தடையில்லை. ரவை, சேமியா, மைதா, பிஸ்கட், பார்லி மால்ட் கலந்த சத்துபானம் வேண்டாம். பலர் கவனிக்காதது, கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம். அதில் கோதுமை மாவு சேர்ப்பதுண்டு. டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு கேழ்வரகைக் கொட்டினால் மிச்ச மாவு அதில் கலந்துவிடும். வீட்டு மிக்ஸியில் அரைப்பது நல்லது.

நோய் இல்லாதவர்கள் குழந்தைக்காகக் கோதுமையை விட வேண்டியதில்லை. அதனால் பலன் கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குழந்தையின்மைக்கு ஆணிடம் உள்ள குறையும் பெரிய காரணம் என்பதால் கணவரின் விந்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஊர்ப் பேச்சையெல்லாம் ஒரு பெண் தலையில் சுமத்துவதற்கு முன், அவள் ரத்தத்தில் இரும்பு ஏன் ஏறவில்லை என்று குடும்பமே சேர்ந்து டாக்டரிடம் கேட்பதுதான் அவளுக்குச் செய்யும் நியாயம்.