உப்புக்குச் சர்க்கரை ஏன் துணை? உயிரணுவின் வாசலில் நடக்கும் கதை

மழைக்காலம் பிறந்துவிட்டால் மும்பையில் நம்மவர்கள் வசிக்கும் சால்களிலும் சந்துகளிலும் முதலில் தண்ணீர் தேங்குகிறது. அதன் பின்னாலேயே வாந்தி பேதி வருகிறது. பெரியவர்கள் எப்படியோ தாங்கிக்கொள்கிறார்கள். கைக்குழந்தைகள்தாம் ஒரே நாளில் வாடிப்போகின்றன. உலகில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 4 லட்சத்துக்கும் மேல் ஆண்டுதோறும் பேதியால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பேதியில் பெரிய அபாயம், உடம்பிலுள்ள நீரும் உப்பும் வடிந்துபோவதுதான்.

இதற்குக் கைகண்ட மருந்து உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அதில் சர்க்கரை எதற்கு என்று கேட்டால், "தெம்புக்காக" என்றோ, "குழந்தை குடிப்பதற்காக" என்றோதான் பதில் வருகிறது. உண்மைக் காரணம் வேறு. அதை அறிய வேண்டுமானால் நம் உடம்பின் உயிரணுவினுடைய வாசல்வரை போய்ப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் போன்ற சவ்வு

மனித உடம்பு ஏறத்தாழ 30 லட்சம் கோடி உயிரணுக்களால் ஆனது. பள்ளியில் "செல்" என்று படித்தோமே, அதுதான். ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. ஒரு லட்சம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் ஒரு மில்லிமீட்டர் கனம் வருவது கடினம். அவ்வளவு மெல்லியது.

1925-ல் கார்ட்டர், கிரெண்டல் என்ற இரு டச்சு விஞ்ஞானிகள் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பை எடுத்துத் தண்ணீரின் மேல் பரப்பி அளந்தார்கள். அது அந்த அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு இடத்தை அடைத்தது. சவ்வு என்பது இரண்டு வரிசையாக நிற்கும் கொழுப்பு மூலக்கூறுகளே என்று அதிலிருந்து முடிவு செய்தார்கள். பிறகு 1972-ல் அமெரிக்காவில் சிங்கரும் நிகல்சனும், சவ்வு சுவரைப்போல் இறுகியதல்ல, நெகிழ்ந்து அசைவது, அதில் பலவகைப் புரதங்கள் மிதக்கின்றன என்று விளக்கினார்கள். உள்ளே என்ன போகலாம், வெளியே என்ன வரலாம் என்று பார்க்கும் வாயிற்காப்போர் இந்தப் புரதங்களே.

சமையல் எண்ணெயில் உப்பைப் போட்டுப் பாருங்கள். கரையாமல் அடியில் தங்கும். அதுபோலவே இந்தக் கொழுப்புச் சவ்வின் வழியாக உப்பு தானாக நுழைய முடியாது. புரதக் கதவு ஒன்று திறந்தால்தான் உண்டு.

மூன்று வெளியே, இரண்டு உள்ளே

உப்பில் இருப்பது சோடியம். அது உயிரணுவுக்குள் மிகுந்தால் தண்ணீரும் கூடவே புகுந்து அணு வீங்கி வெடிக்கும். ஆகவே கசிந்து வரும் சோடியத்தை இறைத்து வெளியேற்றச் சவ்வில் ஒரு பம்பு இருக்கிறது. ஒரு சுற்றில் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே வாங்கும். நண்டின் நரம்புகளை ஆராய்ந்து 1957-ல் இதை வெளியிட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கோ. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997-ல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பம்பு இரவு பகல் நிற்பதில்லை. நாம் தூங்கும்போதுகூட உடம்பு செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இதுவே விழுங்குகிறது. அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது?

உள்ளே ஒரு மின் நிலையம்

உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. 1898-ல் ஜெர்மானியரான கார்ல் பெண்டா வைத்த பெயர் இது. கிரேக்க மொழியில் இழை, மணி என்று பொருள்படும் இரு சொற்களின் சேர்க்கை. தமிழில் "இழைமணி" என்று அழகாகச் சொல்வதும் உண்டு. இதயத் தசைபோல் ஓயாது உழைக்கும் அணுக்களில் இவை நெருக்கமாகக் குவிந்திருக்கும். சிவப்பணுக்களில் மட்டும் அறவே இல்லை.

இழைமணிக்கும் இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வு வழவழப்பானது, உட்சவ்வு மடிப்பு மடிப்பானது. நாம் உண்ட உணவு மூச்சுக் காற்றின் ஆக்சிஜனுடன் சேர்ந்து எரிவது இங்கேதான். அப்போது உண்டாகும் சக்தி, ஹைட்ரஜன் துகள்களை உட்சவ்வின் மறுபுறம் தள்ளித் தேக்குகிறது. மேட்டூர் அணையில் தேங்கிய நீர் இறங்கும்போது மின்சார யந்திரம் சுழல்கிறதல்லவா? அதே மாதிரி அத்துகள்கள் திரும்பி வரும் வழியில் ஒரு புரதச் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. ஏ.டி.பி. என்ற சக்திப் பொருள் அதில் உருவாகிறது. 1961-ல் இதைச் சொன்ன இங்கிலாந்தின் பீட்டர் மிச்சலை முதலில் பலர் ஏற்கவில்லை. 1978-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இந்த ஏ.டி.பி.யில் நமக்கும் பெருமை உண்டு. 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், அதே ஆண்டு அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் அதைக் கண்டறிந்தார்கள். ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துக் கடல் கடந்தவர்.

ஆக, இழைமணி சக்தி தருகிறது. சவ்விலுள்ள பம்பு அதை வாங்கி உப்பை ஒழுங்கில் வைக்கிறது. ஒன்று நின்றால் மற்றொன்றும் இல்லை.

அடைபடாத ஒரு கதவு

இப்போது குடலுக்கு வருவோம். காலரா கிருமி குடலில் நஞ்சைக் கக்குகிறது என்பதை 1959-ல் நிரூபித்தவர் கல்கத்தா டாக்டர் சம்புநாத் டே. அந்த நஞ்சு குடல் அணுக்களின் சவ்வில் உப்பு வெளியேறும் கதவைத் திறந்தே வைத்துவிடுகிறது. உப்பும் நீரும் குழாய்போல் கொட்டுகின்றன. வெறும் தண்ணீர் கொடுத்தாலும், வெறும் உப்புநீர் கொடுத்தாலும் குடல் அதைச் சரிவர உறிஞ்சுவதில்லை.

ஆனால் ஒரு கதவு மட்டும் கெடாமல் இருக்கிறது. அது சோடியத்தையும் குளுகோஸையும் ஜோடியாக மட்டுமே உள்ளே விடும் கதவு. 1960-ல் ராபர்ட் கிரேன் இதை விளக்கினார். ஜோடி உள்ளே போனதும் தண்ணீர் தானே பின்தொடர்கிறது. வந்த சோடியத்தை மறுபக்கம் இரத்தத்துக்கு அனுப்புவது முன் சொன்ன பம்பு. அதற்குச் சக்தி தருவது இழைமணி. உப்புக்குச் சர்க்கரை துணை போவதன் ரகசியம் இதுதான்.

இதன் அருமையை உலகம் கண்டது 1971-ல். வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையிலுள்ள பாங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு, குளுகோஸ், சமையல் சோடா மூன்றையும் பொட்டலங்களாகக் கட்டி, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். நூற்றுக்கு 30 பேர் அளவில் இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது.

அளவு தப்பக் கூடாது

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரான ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சிறந்தது. அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பாதி பாதியாகக் கரைக்கலாகாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போதும். சர்க்கரை மிகுந்தால் அது குடலுக்குள் இன்னும் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். உப்பு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து. கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா. அளவுக்கு ஒவ்வாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை கரண்டியால் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை குடிக்க முடியாமல் துவண்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், கண் குழிவிழுந்து சிறுநீர் நின்றாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

கோடை விடுமுறைக்குக் குழந்தைகளுடன் ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள், நாகர்கோவில் போய்ச் சேர ஒன்றரை நாள் ரயிலில் இருக்க வேண்டும். புளியோதரையும் தண்ணீர்ப் புட்டியும் எடுத்துவைக்கும் பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும் போட்டுக்கொள்ளுங்கள்.