பலகையில் தமிழ், பொட்டலத்தில்?

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். பண்ருட்டி முந்திரிக் கடைகளில் நிமிர்ந்து பலகையைப் பார்த்தால் தமிழ் இருக்கும். குனிந்து பொட்டலத்தைப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாமே ஆங்கிலம். ஒரே கடைதான், ஆனால் பலகைக்கு ஒரு சட்டம், பொட்டலத்துக்கு வேறு சட்டம்.

பலகை மாநில அரசின் பொறுப்பு. 1948-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளில் 15-ஆவது விதி, பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும் என்கிறது. பிற மொழிகளும் சேர்ந்தால் தமிழ், ஆங்கிலம், மற்றொரு மொழி என்று 5:3:2 அளவில் இடம் தர வேண்டும்.

பொட்டலம் மத்திய அரசின் கையில். 2011-இன் பொட்டலப் பொருள் விதிகளும் சரி, 2020-இன் உணவு லேபிள் விதிமுறைகளும் சரி, விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கின்றன. கூடவே தமிழையும் அச்சடிக்கத் தடை கிடையாது, கட்டாயமும் கிடையாது. கட்டாயம் இல்லாததால் பலரும் செய்வதில்லை.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. முந்திரித் தோப்பில் ‘தேயிலைக் கொசு’ என்ற பூச்சிக்கு மருந்தடிப்பார்கள் அல்லவா? அந்த டப்பாவில் இந்தி, ஆங்கிலத்தோடு அந்தந்த வட்டார மொழியும் இருக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. கையாள்பவருக்குப் புரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பது அரசுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நியாயம் குழந்தை தின்னும் பிஸ்கட்டுக்கு ஏன் பொருந்தாமல் போனது? கொட்டைப் பருப்பு கலந்திருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டால் அந்த எச்சரிக்கை யாருக்கு?

முந்திரிப் பொட்டலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘டபிள்யூ 320’ என்று போட்டிருக்கும். ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், ஏறக்குறைய 320 முழுப் பருப்பு நிற்கும் என்று கணக்கு. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது. ‘180’ இன்னும் பெரிய ரகம், விலையும் கூட. காடாம்புலியூர்ப் பக்கம் உடைத்து, தோலுரித்து, ரகம் பிரிக்கும் பெண்களுக்கு இது கைப்பழக்கம். காசு கொடுத்து வாங்குகிறவருக்குத்தான் தெரிவதில்லை. ‘முழுப் பருப்பு, பெரிய ரகம்’ என்று தமிழில் ஒரு வரி இருந்தால் போதாதா?

வெளிநாட்டிலும் இதே சிக்கல் உண்டு. அயர்லாந்தின் 2003-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அரசு அமைப்புகளை ஐரிஷ் மொழிக்குக் கட்டுப்படுத்துகிறது. கடைச் சரக்கின் லேபிளில் ஐரிஷ் வருவதோ பெரும்பாலும் தயாரிப்பாளரின் விருப்பம். கனடா அப்படி விடவில்லை: கடையில் விற்கும் பொட்டலத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டது. நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பதே என் கருத்து.

ஆங்கிலத்தை எடுக்கச் சொல்லவில்லை. பக்கத்து நெய்வேலி டவுன்ஷிப்பில் பல மாநிலத்தார் குடியிருக்கிறார்கள், வெளியூருக்கும் சரக்கு போகிறது, அது தேவைதான். சட்டம் வரும்வரை பண்ருட்டி வியாபாரிகள் காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த முறை கவர் அச்சடிக்கும்போது எடை, விலை, சேர்த்த பொருள்கள், காலாவதி நாள் ஆகிய நான்கையும் தமிழிலும் போடுங்கள். வாங்குகிறவர்களும் கடையில் வாய்விட்டுக் கேளுங்கள்.