ஆயில் எங்கே ஒழுகுகிறது?

அரியானா மாநிலத்தில் ரோத்தக் பக்கம் ஒரு கிராமம். அங்கே ஒரு பால்காரர். விடியற்காலையில் வீடு வீடாகப் போய்ப் பால் வாங்குவார். கேன்களை மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் மாட்டிக்கொண்டு நகரத்துக்குப் போவார். வழியில் வண்டி நின்றால் பால் கெட்டுவிடும். அன்றைய வருமானமும் போய்விடும்.

ஒருநாள் காலை, வண்டி நின்ற இடத்தில் கறுப்பாக ஆயில் சொட்டிக் கிடந்தது. மறுநாளும் கிடந்தது. பால்காரர் குனிந்து பார்த்தார். என்ஜினின் அடியில் ஒரு போல்ட் இருக்கும். பழைய ஆயிலை இறக்குவதற்கான போல்ட் அது. சொட்டு அதில்தான் தொங்கியது. ஸ்பேனர் போட்டு இறுக்கினார். ஒழுக்கு நிற்கவில்லை. இன்னும் இறுக்கினார். நல்லவேளை, மரை கெடவில்லை. என்ஜினின் உடம்பு அலுமினியம். போல்ட் இரும்பு. பலமாக இறுக்கினால் அலுமினியத்தில் உள்ள மரை போய்விடும். அதைச் சரிசெய்வது பெரிய செலவு.

"என்ஜினைப் பிரிக்க வேண்டும். இரண்டு நாள் ஆகும்" என்றார் ஒரு மெக்கானிக். இரண்டு நாள் வண்டி இல்லாமல் பால் வியாபாரம் நடக்குமா? பால்காரர் வயதான இன்னொரு மெக்கானிக்கிடம் போனார். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை.

"தம்பி, முதலில் அழுக்கைத் துடைப்போம்" என்றார்.

என்ஜின் ஆறும்வரை காத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் என்ஜினை நன்றாகத் துடைத்தார் மெக்கானிக். ஈரம் உலர்ந்தது. முகத்துக்குப் போடும் பவுடரை என்ஜின் மேல் தூவினார். பத்து நிமிடம் என்ஜினை ஓட விட்டார்.

வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. கியர் லீவரை மாட்டியிருக்கும் தண்டின் ஓரத்தில் அது தொடங்கியது. கீழே வழிந்து போல்ட்டில் வந்து சொட்டியது.

ஓட்டு வீட்டில் ஓடு உடைவது ஓரிடம், தண்ணீர் சொட்டுவது வேறிடம். ஆயிலும் அப்படித்தான். வண்டி ஓடும்போது காற்று வேறு அதைப் பின்பக்கம் தள்ளும். அதனால் ஈரம் தெரியும் இடங்களில் மிக உயரமான இடத்தையும், முன்பக்கமான இடத்தையும் பார்க்க வேண்டும்.

அந்தத் தண்டைச் சுற்றி ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஆயில் சீல் என்று பெயர். சூட்டில் நாளாக நாளாக ரப்பர் கெட்டியாகிவிடும். பிறகு ஆயிலைத் தடுக்காது. மெக்கானிக் ஆயிலை இறக்கினார். பழைய சீலை நெம்பி எடுத்தார். புதிய சீலின் உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, கோணாமல் அழுத்தினார். என்ஜினைப் பிரிக்கவில்லை. அரை நாளில் வேலை முடிந்தது.

எல்லா ஒழுக்கும் சீலால் வருவதில்லை. இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் உள்ள கேஸ்கெட் கிழிந்திருக்கலாம். போல்ட்டின் வாஷர் நசுங்கியிருக்கலாம். என்ஜினுக்குள் இருக்கும் காற்று வெளியேற ஒரு குழாய் உண்டு. அதில் சேறு அடைத்தால், உள்ளே அழுத்தம் கூடி ஆயிலை வெளியே தள்ளும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே கதைதான். "கூட ஊற்றினால் நல்லதுதானே" என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

100 சி.சி. வண்டியில் ஆயில் சுமார் ஒரு லிட்டர்தான். அதிலும் குறைந்துவிட்டால் உள்ளே இரும்போடு இரும்பு உரசும். என்ஜின் இறுகி நின்றுவிடும். ஆகவே ஒழுகும் வண்டியில் தினமும் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். வண்டி நேராக நிற்க வேண்டும். குச்சியில் இரண்டு கோடுகள் இருக்கும். ஆயில் அவற்றுக்கு நடுவில் இருக்க வேண்டும். குச்சியைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் பார்ப்பதா என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள்.

ஆயில் டப்பாவையும் படித்துத்தான் வாங்க வேண்டும். கார் ஆயில் வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் நனைகின்றன. பொருந்தாத ஆயில் ஊற்றினால் கிளச் வழுக்கும்.

ஒழுகிய ஆயில் பின் டயரில் பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவி, உலர்ந்த பிறகு வண்டியை எடுங்கள். வளைவில் டயர் வழுக்கினால் ஆளையே சாய்த்துவிடும்.