கிட் லாக்: வேண்டிய கமிட்டை மட்டும் பார்க்க

‘கிட் லாக்’ என்று மட்டும் தட்டினால், அப்போதிருக்கும் கிளையின் கமிட்டுகள் எல்லாம் புதியது முதலாகத் திரையில் வந்து விழும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கர்னல் வேலைக்காகவே கிட்டை எழுதினார். அந்தக் கர்னலின் கமிட்டுகள் இன்று 10 லட்சத்தைத் தாண்டிவிட்டன. அவ்வளவையும் யார் உட்கார்ந்து படிப்பது? கட்டளையோடு சேர்க்கும் ஆப்ஷன்கள் பட்டியலைச் சுருக்கித் தருகின்றன.

எளியது எண்ணிக்கை. ‘-5’ என்றால் கடைசி ஐந்து கமிட்டுகள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதன்முதல் கமிட்டைப் பார்க்க ‘--ரிவர்ஸ் -1’ என்று கொடுப்பவர்களுக்குக் கிடைப்பது கடைசிக் கமிட்டுதான். கிட் முதலில் எண்ணிக்கையை வெட்டுகிறது, பிறகே வரிசையைத் திருப்புகிறது.

தேதிக்கு ‘--சின்ஸ்’, ‘--அன்டில்’. ‘யெஸ்டர்டே’, ‘2.வீக்ஸ்’ போன்ற பேச்சுவழக்குச் சொற்களும் செல்லும். தேதியை மட்டும் எழுதி நேரத்தை விட்டால், கட்டளை ஓடும் நேரத்தையே கிட் எடுத்துக்கொள்ளும். ‘--சின்ஸ்’ கொடுத்து மாலை 4 மணிக்குத் தேடினால் அந்தத் தேதியின் காலைக் கமிட்டுகள் வராது. 00:00 என்று சேர்த்தால் தீர்ந்தது.

ஆளை வைத்துத் தேட ‘--ஆத்தர்’, ‘--கமிட்டர்’. மாற்றத்தை எழுதியவர் ஆத்தர், அதைச் சேர்த்தவர் கமிட்டர். கர்னல் போன்ற திட்டங்களில் இருவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். ‘--கிரெப்’ கமிட் செய்தியில் சொல்லைத் தேடும். இரண்டு கிரெப் கொடுத்தால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும். இரண்டும் பொருந்த வேண்டுமென்றால் ‘--ஆல்-மேட்ச்’ தேவை. ஆத்தரையும் கிரெப்பையும் சேர்த்தால் மட்டும் இரண்டும் பொருந்தியே ஆக வேண்டும். குழப்பமான விதிதான்.

பழைய பிழையின் வேரைத் தேடுபவருக்கு இவை எல்லாவற்றையும்விடக் கைகொடுப்பது ‘-எஸ்’. பெரிய எழுத்து எஸ் இது. சிறிய எஸ்ஸுக்கு வேலை வேறு. ஒரு ஃபங்ஷனின் பெயரைக் கொடுத்தால், ஏதாவது ஒரு ஃபைலில் அந்தப் பெயர் வரும் எண்ணிக்கை கூடிய அல்லது குறைந்த கமிட்டுகளை மட்டும் காட்டும். ஆக, அது எப்போது நுழைந்தது, எப்போது நீங்கியது என்று தெரிந்துவிடும். வரி அதே ஃபைலுக்குள் இடம் மாறியிருந்தால் எண்ணிக்கை மாறாது, கமிட்டும் வராது. அதற்குப் பெரிய எழுத்து ‘-ஜி’.

குறிப்பிட்ட ஃபைலின் வரலாறு மட்டும் போதுமென்றால் அதன் பாதையைக் கடைசியில் தர வேண்டும். அழித்துவிட்ட ஃபைல் என்றால் பாதைக்கு முன்னால் தனியாக இரண்டு சிறு கோடுகள் அவசியம். இல்லையேல் அது கிளையின் பெயரா ஃபைலா என்று புரியாமல் கிட் நின்றுவிடும். மெர்ஜ் கமிட்டுகளை நீக்க ‘--நோ-மெர்ஜஸ்’.