விதைப் பூண்டும் வறட்சியும்

கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால், மலைப்பாதையின் கடைக்கோடியில் கிளாவரை என்னும் சிற்றூரை அடைவோம். படிப்படியாக அமைந்த வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் ஊர் அது. மேகம் தவழும் மலையில் வறட்சி ஏது என்று சமவெளியில் வாழும் அங்கத்தினர் சிலர் வினவக்கூடும்.

2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டில் சராசரியாக 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய மழை, சுமார் 168 மில்லிமீட்டரே பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சிக்குள்ளானவை என அரசு அறிவித்தது. கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் மத்தியகாலக் கடன்களாக மாற்றப்படும் என்றும் அறிவிப்பு வந்தது.

மலைவயலுக்கு ஆதாரம் மழையும் ஓடைகளுமே. சோலைக்காடும் புல்வெளியும் மழைநீரைத் தேக்கி, கோடையில் சிறிது சிறிதாக விடுவன. அவற்றினிடத்தில் வாட்டில் மரங்களும் தைலமரங்களும் பரவியதால் ஓடைகளின் நீர் குறைந்தது. ஆகவே மழை தவறினால் மலையும் தவிக்கிறது.

அத்தகைய காலத்தில் பூண்டு பயிரிடுவோருக்கு ஒரு கடுஞ்சோதனை நேர்கிறது. பூண்டின் பல்லே அதன் விதை. விளைச்சல் குன்றி, வீட்டில் பணமுடை நெருக்கும்போது, அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்ட விதைப் பூண்டையும் வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்பிவிடத் தோன்றும். அனுப்பினால் இன்றைய பசி தீரும்; அடுத்த பருவத்தில் வெளியூர் விதையை அதிக விலைக்கு வாங்க நேரும். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டின் தனித்தன்மையும் கலப்படமாகிக் கெடும்.

தனி ஒருவரால் இச்சோதனையைத் தாங்க இயலாது, சங்கத்தால் இயலும். விதைப் பூண்டை ஈடாகப் பெற்று, காற்றோட்டமுள்ள கிடங்கில் வைத்து, முன்பணம் தரலாம். நடவு வேளையில் அத்தொகையைப் பயிர்க்கடனாக மாற்றி விதையைத் திருப்பித் தரலாம். பூண்டு அழுகினால் ஈடும் போய்விடுமாதலால், கிடங்கைக் கண்ணுங்கருத்துமாய்ப் பேணுதல் இன்றியமையாதது.

இது பயிரிடுவோர் காரியம் மட்டுமே என்று நெசவாள அன்பர்கள் எண்ணலாகாது. உழவன் கையில் காசு இல்லையேல் சின்னாளபட்டிச் சேலையை வாங்குவோர் குறைவர், தறியும் ஓய்ந்துவிடும். மழையை வருவிக்க நம்மால் இயலாது. அது வரும்வரை விதையைக் காத்து வைத்திருக்க நம்மால் இயலும். அங்கத்தினர் அனைவரும் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஆலோசிப்பாராக.