இடம்பெயர்ந்தாலும் மருந்து நிற்கலாகாது

மண்சரிவால் லயத்தை விட்டு முகாமுக்குப் போகிறோம். பிழைப்புக்காக ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகிறோம். நம்மில் எச்.ஐ.வி. உள்ளவருக்கு இவ்வேளையில் மருந்து தடைப்படுவதே பேராபத்து. நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். பழைய மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம்.

இலங்கையில் 2004 முதல் அரசாங்கம் இம்மருந்தை இலவசமாக வழங்குகிறது. தினமும் தவறாது எடுத்து, பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்த நிலை நீடித்தால், உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்றாது.

இதற்குக் கைத்தொலைபேசி உதவும். மருந்து நேரத்துக்கு அலாரம் வையுங்கள். ஒரே தொலைபேசியை வீட்டில் பலரும் எடுப்பதால் நோயின் பெயரை அதில் எழுதாதீர்கள். ‘தண்ணீர் குடி’ என்றாலே போதும். கிளினிக்கின் இலக்கத்தையும் பதிந்து வையுங்கள். புறப்படுமுன் அழைத்து, போகுமிடத்துக்கு அருகிலுள்ள பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்கு மாற்றம் கேளுங்கள்.

அவரை ஒதுக்காமல், இரகசியம் காத்துத் துணைநிற்பது நம் அனைவரதும் கடமை.